நாலு ஆள் ஆழம்

அன்புள்ள அண்ணா,

பக்கத்து ஃபிளாட்டுக் குழந்தைக்கு நேற்று காது வலி. சாயங்காலம் அந்த வீட்டில் நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சினார்கள். நாலாவது மாடி நடைவழி முழுக்க அந்த வாசனை. நான் கைத்தடியைக்கூட எடுக்காமல் எழுந்து போய் அவர்கள் கதவைத் தட்டினேன்.

"காதுல ஒண்ணும் ஊத்தாதம்மா. டாக்டர்கிட்ட காட்டு" என்றேன்.

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை அவள் கீழே வைக்கும்வரை நான் நகரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். உன் மகள் காபி கொண்டுவந்து கொடுத்து, "இன்னா அத்தே, மாத்திர போட்டியா?" என்று கேட்டாள். போட்டேன் என்று சொன்னேன்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. சர்ச்சில் உனக்காக நடந்த நினைவு ஆராதனையில் நிறையப் பேர் எழுந்து பேசினார்கள். ஸ்டேஷன் மாஸ்டராக நீ இருந்த ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் வந்திருந்தது. நான் மட்டும் எழவில்லை. துக்கம் தாங்கவில்லை, பாவம், கிழவி என்று நினைத்திருப்பார்கள். துக்கம் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் வந்து நின்றது பொறாமை. அதை வைத்துக்கொண்டு மைக் முன்னால் என்ன பேசுவது? அதனால் இப்போது உனக்கே எழுதுகிறேன்.

நாம் வளர்ந்தது செங்கல்பட்டு ரயில்வே குவார்ட்டர்ஸில். நைனா தண்டவாளத்தைத் தடம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். நைனாவின் நைனா வரைக்கும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள்தான். அந்தக் கழனிக் கிணறுகளில் ஊர்ப் பிள்ளைகள் குதித்துக் குளிப்பார்கள். நம்மை இறங்க விடமாட்டார்கள். நமக்கு இருந்தது திருக்கழுக்குன்றம் போகிற சாலைக்கு உள்ளே தள்ளி, கல் உடைத்துக் கைவிட்ட குட்டை ஒன்று. மழைத்தண்ணீர் நின்று பச்சைக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு பக்கம் இரண்டு ஆள் ஆழம், பாறைச்சுவர் பக்கம் நாலு ஆள் ஆழம். நீயும் நானும் நீச்சல் பழகியது அங்கேதான். நான் பாவாடையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு குதிப்பேன். அம்மாவுக்குத் தெரிந்தால் முதுகுத்தோல் உரியும் என்பதால் தலை காய்ந்த பிறகே வீடு திரும்புவோம்.

உனக்கு என்னைவிட ஒன்றரை வயது அதிகம். என்னைவிட உயரம், பலம், நல்ல நிறம். பாட்டு வரும். வீட்டுக்கு வருகிறவர்கள் உன் தோளைத் தட்டாமல் போகமாட்டார்கள். எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. நான் அந்தக் குட்டையின் அடிவரை போவேன். நாலு ஆள் ஆழத்திலிருந்து சேற்றை அள்ளிக்கொண்டு வந்து உன் முகத்துக்கு நேராகக் காட்டுவேன். நீ இரண்டு ஆள் ஆழத்திலேயே காதைப் பிடித்துக்கொண்டு திரும்பி விடுவாய்.

"உனுக்கு காது வலிக்கலியா பாப்பா?" என்று நீ முதன்முதலாகக் கேட்டபோது எனக்குப் பதின்மூன்று வயது.

"வலிக்கும். பல்லக் கடிச்சிக்கினு போறேன்" என்றேன்.

அது பொய். எனக்கு வலிப்பதே இல்லை. ஒருநாள் ஜலதோஷத்தோடு முங்கியபோது தற்செயலாகக் கண்டுபிடித்தது அது. மூக்கை விரலால் அழுத்திப் பிடித்து, வாயை மூடிக்கொண்டு, மூச்சை உள்ளுக்குள்ளேயே ஊத வேண்டும். காதுக்குள் 'டொப்' என்று ஒரு சத்தம். வலி போய்விடும். அரை ஆள் இறங்க ஒரு ஊது, இன்னும் அரை ஆள் இறங்க இன்னொரு ஊது. அவ்வளவுதான் வித்தை. அதை உனக்குச் சொன்னால் மறுநாளே நீயும் அடிக்குப் போய் வந்துவிடுவாய். அப்புறம் எனக்கென்று என்ன இருக்கும்? நான் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே முங்கினேன்.

சுதந்திரம் வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. நீ தாம்பரத்தில் பி.ஏ. இரண்டாம் வருடம். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டீச்சர் டிரெயினிங்குக்கு மனுப் போட்டிருந்தேன். ஒரு சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கி வீடு வரை ஓடியே வந்தாய். கையில் டைப் அடித்த ஒரு காகிதம். கல்லூரி மாணவர்களுக்குத் தலைமைப் பயிற்சி. பாய்க்கப்பலில் நாற்பது நாள் பயணம். மெட்ராஸ் துறைமுகத்தில் புறப்பட்டு இலங்கையைச் சுற்றிக்கொண்டு கொச்சி வரை. வழியில் முத்துக்குளிக்கும் கடலில் பத்து நாள் முக்குளிக்கப் பயிற்சி. ஒவ்வொரு பையனும் முறைபோட்டு ஒருநாள் கப்பலில் தலைவனாக இருந்து மற்றவர்களை வேலை வாங்க வேண்டும். அதற்கு முன் மாபலிபுரத்தில் கூடாரம் அடித்து மூன்று வாரம் தயார் செய்வார்கள். வருகிற இருபது பேரில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம்.

"இன்னாடா இது, கப்பல்ல போய் தலைவனாவுறது?" என்று நைனா சிரித்தார். ஆனால் அன்றைக்கே போய் ஸ்டேஷன் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

நான் அந்தக் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தேன். 'ஆண் மாணவர்கள்' என்று போட்டிருக்கவில்லை. போட வேண்டிய அவசியமே அவர்களுக்குத் தோன்றவில்லை.

மாசி, பங்குனி இரண்டு மாதமும் உன்னைத் தயார் செய்தது நான்தான். நீ கொண்டுவந்த இங்கிலீஷ் கையேட்டை உனக்கு முன்னால் நான் மனப்பாடம் செய்தேன். துணி காயப்போடும் கயிற்றில் முடிச்சுகள் போட்டுப் பழகினோம். இழுத்தாலும் இறுகாத அந்தக் கண்ணி முடிச்சு உனக்கு நாலு நாள் வரவில்லை. எனக்கு இரண்டாம் தடவையே வந்துவிட்டது. அம்மாவின் பழைய புடவையை மூங்கிலில் கட்டிப் பாய் என்று வைத்துக்கொண்டோம். நீ தலைவன், நான் கப்பலில் வேலை செய்கிறவள். கொல்லையில் நின்று நீ இங்கிலீஷில் உத்தரவு போடுவாய். தப்பாகப் போட்டால் நான் திருத்துவேன். திருத்திய உத்தரவை நீ மறுபடி போடுவாய். நான் கீழ்ப்படிவேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "அண்ணன் கப்பலேறப் போவுது. நீ இன்னாத்துக்குடி வேர்த்துக்கினு நிக்கிற?" என்று கேட்டாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன்.

குட்டையில் மூச்சுப் பிடித்துப் பழகினோம். நீ முங்கினால் நான் எண்ணுவேன். நான் முங்கினால் நீ எண்ணுவாய். உனக்குத் தொண்ணூறு. எனக்கு நூற்று நாற்பது. "நீ வேகமா எண்ணிட்ட போல" என்பாய். நீதான் அண்ணா எண்ணினாய், என் முறைக்கு.

சித்திரை வெயிலில் நீ மாபலிபுரம் போனாய். அதே வாரம் நைனா என்னிடம், "டிரெயினிங்கு அடுத்த வருசம் பாத்துக்கலாம்மா. மொதல்ல அவன் கப்பலேறட்டும்" என்றார். ஒரே வருடத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு நல்லது நடக்கலாம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. நான் தலையை ஆட்டினேன். போய்க் கொல்லையில் அந்தப் புடவைப் பாயை அவிழ்த்து மடித்து வைத்தேன்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஒருநாள் லீவு கொடுத்து அனுப்பினார்கள். உன் மூக்கும் தோளும் வெயிலில் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. சாப்பிட்டுக்கொண்டே பேசினாய். படகில் பாய் ஏற்றியது, காற்று திரும்பியபோது நீ போட்ட உத்தரவு, மீசைக்காரப் பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் உன்னைப் பாராட்டியது. நான் திருத்திக் கொடுத்த அதே உத்தரவு. அம்மா உன் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தாள். அப்புறம் என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாய்.

"பாப்பா, ஒரே ஒரு பேஜாரு கீது. வியாழக்கெழம பரீச்ச. கடல்ல நாலு ஆள் ஆழத்துல வெள்ள பெயின்ட் அட்ச்ச இரும்புத் தட்டப் போடுவாங்கோ. எடுத்துக்கினு வரணும். என்னால ரெண்டு ஆளுக்கு மேல முடியல. காதுல ஊசி வச்சிக் குத்துற மாரி கீது. நீ எப்படி போற?"

"அங்க சொல்லித் தரலியா?"

"பாஸான ஆளுங்களுக்குத்தான் அடுத்த வாரம் முக்குளிக்கிறதுக்குப் பாடமாம். இப்ப தைரியம் கீதான்னு மட்டும் பாக்கறாங்கோ."

என் இரண்டு விரல்கள் என்னையறியாமல் மூக்கு வரை எழுந்தன. அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"பல்லக் கடிச்சிக்கினு போ" என்றேன். "பாதில திரும்புறதாலதான் வலிக்குது. அடிக்குப் போய்ட்டா வலி நின்னுடும்."

"நின்னுடுமா?"

"நின்னுடும்."

நீ என்னை நம்பினாய். குட்டையின் அடிவரை போனவள் நான். வேறு யாரைத்தான் நம்புவாய்?

வியாழக்கிழமை வீட்டாரும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். நைனா லீவு போட்டார். மூன்று பேரும் பஸ் ஏறி வந்தோம். கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிக் கூடாரங்கள். அலை உடைகிற இடத்தைத் தாண்டிப் படகு நின்றது. பக்கத்தில் உதவிக்கு ஒரு மீனவரின் கட்டுமரம். பையன்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். சிலர் தட்டோடு வந்தார்கள், சிலர் வெறுங்கையோடு. நீ கடைசி.

முதல் தடவை வெறுங்கை. இரண்டாம் தடவையும் வெறுங்கை. பயிற்சியாளர் போதும் என்று கையை ஆட்டியது கரையிலிருந்தே தெரிந்தது. நீ ஒரு விரலை உயர்த்தி இன்னொரு வாய்ப்புக் கேட்டாய். முங்கினாய். நான் எண்ண ஆரம்பித்தேன்.

தொண்ணூறு தாண்டியது. நூறு. "இன்னாடி மொணமொணங்கற?" என்று அம்மா கேட்டாள். நூற்றுப் பத்து. நூற்று இருபத்தொன்றில் முதலில் தட்டு வெளியே வந்தது, அப்புறம் உன் தலை. கரையில் எல்லோரும் கை தட்டினார்கள். நைனா தலைத்துண்டை அவிழ்த்துச் சுழற்றினார். நான் தட்டவில்லை.

நீ படகின் விளிம்பைப் பிடிக்கப் பார்த்தாய். கை வேறெங்கோ போயிற்று. மறுபடி தடவினாய், மறுபடியும் தப்பியது. கட்டுமரத்துக்காரர் குதித்து உன்னைத் தூக்கினார். கரையில் கொண்டுவந்து போட்டபோது இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. "எல்லாம் சுத்துதும்மா" என்று மணலைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டாய். தட்டை மட்டும் விடவில்லை.

முகாம் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "காது சவ்வு கிழிஞ்சிருக்கு. ஒரு வருஷம் தண்ணியில இறங்கக் கூடாது. கப்பலை மறந்துடுங்க. காதுல எதையும் ஊத்தாதீங்க, அது தானா ஆறணும்" என்றார்.

நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணா, அந்த நிமிடத்தில் என் மனதில் முதலில் வந்தது என்ன என்று எழுதத்தான் இந்தக் கடிதம். சந்தோஷம் வந்தது. நீ போகவில்லை. நானும் போகவில்லை. இனி நாம் இரண்டு பேரும் ஒன்று. ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது அது. பிறகு மணலில் சொட்டிய ரத்தம் கண்ணில் பட்டது. ஆனால் முதலில் வந்தது சந்தோஷம்தான்.

பயிற்சியாளர் உன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "மூக்கப் பிடிச்சு ஊதணும்னுகூடவா தெரியாது? அது தெரியாம எப்படிப்பா அவ்வளவு ஆழம் போனே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவர் குரலில் இருந்த வியப்பை நான் கேட்டேன்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நைனாவும் அம்மாவும் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். நீ காதில் பஞ்சோடு என்னிடம் சொன்னாய்: "நீ சொன்னது சரிதான் பாப்பா. ஒரு எடத்துல 'பட்'டுனு ஒரு சத்தம். அப்பறம் வலியே இல்ல."

சவ்வு கிழிந்ததால் நின்ற வலி அது. என் பொய்யை நீயே உண்மையாக்கிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாய்: "மூக்கப் புடிச்சி ஊதுனா வலிக்காதாமே. உனுக்கு தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

"ம்" என்றாய். பிறகு எழுந்து இடம் மாறி உட்கார்ந்தாய், உன் வலது காது என் பக்கம் வருகிற மாதிரி.

டாக்டர் சொன்னதை அம்மா கேட்கவில்லை. பூண்டெண்ணெயைக் காய்ச்சிக் காய்ச்சி ஊற்றினாள். சீழ் வைத்தது. மூன்று மாதம் வடிந்தது. அது நின்றபோது அந்தக் காதும் நின்றுவிட்டது.

கப்பல் புறப்பட்ட அன்று நீ என்னை மெட்ராஸ் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாய். வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை. உனக்குப் பதிலாகப் போன பையன் கயிறும் கையுமாகத் தடுமாறிக்கொண்டிருந்தான். அந்தக் கண்ணி முடிச்சு அவனுக்கு அவிழ்ந்துகொண்டே இருந்தது. நீ அவன் பக்கத்தில் போய் நின்று, ஒரு தடவை மெதுவாக, இன்னொரு தடவை இன்னும் மெதுவாகப் போட்டுக் காட்டினாய். அவன் கையை உன் கையால் பிடித்து நடத்தினாய். உன் இடத்தில் போகிறவனுக்கு. அவன் ஒழுங்காகப் போட்டதும், "ஷோக்கா கீது, அவ்ளோதான்" என்று முதுகில் தட்டினாய். பாய்கள் விரிந்தன. நீ கை ஆட்டினாய். எனக்கு அன்றைக்கு வந்த பொறாமை அதற்கு முன்னால் வந்ததே இல்லை. தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க உனக்கு எதுவும் குறுக்கே நிற்கவில்லையே என்று.

அடுத்த வருடம் டிரெயினிங்கில் சேர்ந்தேன். டீச்சரானேன், ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனேன். நீ ரயில்வேயில் சேர்ந்தாய். உன் மகளுக்குப் பத்து வயதானபோது நீச்சல் கற்றுக்கொடு என்று அவளை என்னிடம் கொண்டுவந்து விட்டாய். அதே குட்டை. கரையில் உட்கார்ந்துகொண்டு அவளிடம் சொன்னாய்: "அத்தகிட்ட எல்லாத்தையும் கேட்டு வாங்கிக்கம்மா. அது தானா சொல்லாது." சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் தண்ணீருக்குள் இடுப்பளவில் நின்றிருந்தேன். உனக்குத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒருவேளை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதே தெரிந்திருக்கும்.

அன்றைக்கு அவளுக்கு முதல் பாடமே மூக்கைப் பிடித்து ஊதுவதுதான். சத்தமாக, உனக்குக் கேட்கும்படி சொல்லிக்கொடுத்தேன்.

உன்னிடம் சொல்லவும் சொன்னேன், ஒரே ஒரு தடவை. உன் மகள் கல்யாணத்தில், பந்தலில் நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது. நாற்காலியைத் தேர்ந்தெடுத்து உன் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டேன். "எனக்குத் தெரியும்ணா. அப்பவே தெரியும். வேணும்னுதான் சொல்லல" என்றேன். நீ திரும்பி, "இன்னா?" என்றாய்.

"ஒண்ணுமில்லண்ணா. சாப்ட்டியான்னு கேட்டேன்."

"அப்பவே ஆச்சி" என்று சொல்லி என் கையை எடுத்து உன் கைக்குள் வைத்துக்கொண்டாய். பாட்டுக் கச்சேரி முடியும்வரை விடவில்லை. கேட்டதா, கேட்கவில்லையா? உன்னைப் பற்றி எனக்குத் தெரியாமல் போனது அது ஒன்றுதான்.

இனி மிச்சம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். மாபலிபுரத்திலிருந்து வந்த மறுவாரம் நீ காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தாய் அல்லவா? ஒரு மத்தியானம் நான் தனியாகக் குட்டைக்குப் போனேன். மூக்கைத் தொடாமல் முங்கினேன். உனக்குச் சொன்ன மாதிரியே பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒரு ஆள் ஆழம் போயிற்று. இரண்டு ஆளுக்குக் கிட்டே வந்தபோது நீ சொன்ன ஊசி வந்தது. அப்படி ஒரு வலி உடம்பில் இருக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை. இன்னும் ஒரு முழம் போயிருப்பேன். கை தானாக எழுந்து மூக்கைப் பிடித்தது. மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இறங்கினேன். மறுபடியும் அதே இடம், அதே கை. மூன்றாவது தடவை இரண்டு கையையும் பாவாடை நாடாவில் செருகிக்கொண்டு இறங்கினேன். அப்போது கை எழவில்லை, உடம்பே திரும்பிவிட்டது. பாறையில் உட்கார்ந்து சாயங்காலம் வரை அழுதேன். உன் காதுக்காக அழுததாக எழுதினால் நன்றாக இருக்கும். நீ போன இடத்துக்கு என்னால் போக முடியவில்லையே என்றுதான் அழுதேன்.

பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகள் என் கையில் படித்துப் போனார்கள். எனக்குத் தெரிந்த எதையும் அவர்களிடம் ஒளித்ததில்லை. அந்த அளவுக்கு நீ என்னைத் திருத்திவிட்டாய். ஆனால் பொறாமை போகவில்லை, அண்ணா. எண்பத்தாறு வயதில், நீ இல்லாத இந்த வீட்டில், அது மட்டும் வயதாகாமல் இருக்கிறது. நான் அடிவரை போனதெல்லாம் வலிக்காமல் போனது. வலியோடு அவ்வளவு ஆழம் போய்த் திரும்பியவன் நம் வீட்டில் நீ ஒருத்தன்தான்.

உன்
பாப்பா